நிஜமான பயத்தில் பிரார்த்தனை கைகொடுக்கவில்லையே, ஏன்?

கேள்வி · மார்ச் 3, இரவு 11.40

பயம் வந்தால் சாமியை நினை, பயம் போய்விடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சின்னப் பயத்துக்கு அது சரி. நிஜமான பயம் வேறு. பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது, வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடுவது, நாளை என்ன ஆகுமென்றே தெரியாத நிலைமை. அப்போது நாமம் வாயில் ஓடுகிறது, மனம் அதன் பக்கம்கூடத் திரும்புவதில்லை. மாலையை உருட்டி முடித்தபின் படபடப்பு முன்பைவிட அதிகம்.

பயமும் ஆன்மிகமும் ஒரே உறையில் இருக்க முடியாது என்பது என் கட்சி. பயம் அடங்கிய பிறகுதான் வழிபாடு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

மறுமொழி · மார்ச் 4, காலை 6.10

மறுக்கிறேன். பயம் அடங்கியபின்தான் வழிபாடு என்றால் உலகத்து வேதங்களில் பாதிப் பக்கம் காலியாகிவிடும்.

கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். உபதேசம் இன்னும் தொடங்கவில்லை. அர்ஜுனன் தன் உடம்பைத்தான் சொல்கிறான்: கைகால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. 29, 30-ஆம் சுலோகங்கள். ஏழெட்டு அறிகுறிகளை வரிசையாகச் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம் வருகிறது.

முதல் வேலையும் அதுதான். நாமத்தைத் தொடுவதற்கு முன் உடம்பில் என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "உள்ளங்கை வேர்க்கிறது. தொண்டை அடைக்கிறது. வயிறு இழுத்துப் பிடிக்கிறது." நான்கு அல்லது ஐந்து போதும். "ஐயோ, அவருக்கு என்ன ஆகுமோ" என்பது அறிகுறி ஆகாது, அது கதை. கதையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் சொல்ல வேண்டும். இதைத் தாண்டிக் குதித்து நேராக ஜபத்துக்குப் போனால், நாமத்துக்குக் கீழே அந்தக் கதை தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் "மனம் திரும்புவதில்லை" அநேகமாக இதுதான்.

காலை 6.55

ஒரு விஷயம் விட்டுப்போனது, அது எல்லாவற்றுக்கும் முந்தியது. நெஞ்சை அழுத்திப் பிசையும் வலி, அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டுவது. இவை இருந்தால் ஜபமும் வேண்டாம், இந்த இழையும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பயமாகத்தான் இருக்கும் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

காலை 9.20

"மாலை முடித்தபின் படபடப்பு அதிகம்" என்றீர்களே, அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. வேகம்.

பயத்தில் ஜபம் தானாக ஓட ஆரம்பிக்கும். 108 மணியை 4 நிமிடத்தில் உருட்டினால் நிமிடத்துக்கு 27 நாமம். அதற்கு ஈடாக மூச்சும் மேல்நெஞ்சில் குட்டிக் குட்டியாக அடிக்கும். அப்படி மூச்சு அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறையும். விரல் நுனி, உதட்டோரம் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். பயந்த மனம் அதைப் பார்த்து "ஏதோ ஆகிறது" என்று இன்னும் பயப்படும். பக்தியில் குறையே இல்லாமல் ஒருவர் தன் படபடப்பைத் தானே ஏற்றிக்கொள்ளும் வழி இது.

சரிசெய்வது சுலபம். ஒரு வெளிமூச்சுக்கு ஒரு நாமம். உள்ளிழுக்க 4 விநாடி, நாமத்தோடு வெளிவிட 6 விநாடி. நிமிடத்துக்கு 6 நாமம். இந்தக் கணக்கில் 108-க்கு 18 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கிடைக்காது என்றால் 27 மணியோடு நிறுத்தலாம், நாலரை நிமிடம். 4 நிமிடத்தில் 108 செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். லத்தீன் மொழியில் மரியன்னை ஜெபமாலையும் "ஓம் மணி பத்மே ஓம்" மந்திரமும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற கணக்கில் வந்து நின்றது, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதோடு சேர்ந்து சீரானது. இரண்டு வேறு மரபுகள், ஒரே அளவு. நிதானமாகச் சொன்னால்தான் அது கிடைக்கும்.

"நல்லா மூச்சை இழுத்து விடு" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். இழுப்பதைப் பெரிதாக்க வேண்டாம். மூச்சு சிறியதாகவே இருக்கட்டும், வெளியே போவது மட்டும் நீளட்டும். மூச்சை அடக்கி நிறுத்துவதும் இந்த நேரத்தில் கூடாது.

இன்னொரு வாசகர் · மார்ச் 4, மாலை 5.30

கீதை உதாரணம் இடிக்கிறது. அங்கே அர்ஜுனனுக்கு வந்தது பயமா? சொந்தக்காரர்களைக் கொல்லவேண்டி வருகிறதே என்ற துயரம் அல்லவா? அத்தியாயத்தின் பெயரே விஷாத யோகம்.

மாலை 7.05

சரி, ஒப்புக்கொள்கிறேன். 28-ஆம் சுலோகத்தில் இரக்கம், வருத்தம் என்றுதான் இருக்கிறது. உடம்பின் அறிகுறிகள் ஒன்றாக இருப்பதால் பயத்துக்கு எடுத்துக்கொண்டேன். முறை மாறவில்லை, ஆனால் உதாரணத்தைப் பயம் என்று சொன்னது தவறு.

பயம் என்ற சொல்லே வரும் இடம் 11-ஆம் அத்தியாயம். விசுவரூபத்தைப் பார்த்தபின் 45-ஆம் சுலோகத்தில், "மகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனால் மனம் பயத்தால் கலங்குகிறது, பழைய உருவத்தைக் காட்டு" என்று கேட்கிறான். அதற்குக் கண்டிப்பு வரவில்லை. பழகிய, சாந்தமான உருவம் திரும்ப வருகிறது. திருத்தியதால் இன்னும் நல்ல உதாரணம் கிடைத்தது, நன்றி.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று எடுக்கலாம். பயக் காலத்தில் புது மந்திரம், புது விரதம், புது தியான முறை தேடாதீர்கள். சிறு வயதிலிருந்து நாக்கில் பழகிய ஒன்றை எடுங்கள், எவ்வளவு எளியதாக இருந்தாலும் சரி. பெரியது, உக்கிரமானது, "இந்த ஆபத்துக்கென்றே உள்ளது" என்று யாரோ அனுப்பியது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கலங்கிய மனத்துக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் தெம்பு கிடையாது. நடுவில் ஒரு சொல் மறந்துபோனால் அதுவே இன்னொரு பயமாகிவிடும்.

மார்ச் 5, காலை 5.45

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் எண்ணிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று இருக்கிறது. அதனால் இது.

ஜபம் எப்போது ஜபமாக இருக்கிறது, எப்போது பேரமாக மாறுகிறது? "108 முடித்துவிட்டால் ஒன்றும் நடக்காது" என்ற எண்ணம் உள்ளே நுழைந்துவிட்டால் அது பேரம். கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. 60-க்குப் பக்கத்தில் எண்ணிக்கை தவறுகிறது. "முதலிலிருந்து தொடங்கவில்லை என்றால் கெட்டது நடந்துவிடும்" என்று தோன்றுகிறதா? தோன்றினால் மாலையைக் கீழே வைத்துவிட வேண்டும். அன்றைக்கு எண்ணிக்கையே இல்லாமல் 5 நிமிடம் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாளும் அப்படியே.

இது ஏன் முக்கியம்? பேர ஜபம் செய்தவுடன் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் வலை. அடுத்த தடவை அதே நிம்மதிக்கு இரண்டு மாலை வேண்டியிருக்கும், பிறகு நான்கு. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவதும், கதவைப் பூட்டினோமா என்று பத்துத் தடவை பார்ப்பதும் ஓடும் பாதை இதுவே. வழிபாட்டின் வேஷத்தில் வருவதால் வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள், "எவ்வளவு பக்தி" என்றுகூடச் சொல்வார்கள். நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் போகிறது, நிறுத்தினால் தாங்க முடியவில்லை என்ற நிலை வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது. அங்கே போவதால் நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது.

காலை 6.00

வேண்டுதலுக்கும் இதே அளவுகோல்தான். பயத்தின் உச்சியில் நேர்ந்துகொள்ளாதீர்கள். தோன்றியதைத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு 3 நாள் கழித்துப் பாருங்கள். அதன் சுமை வேறொருவர் தலையில் விழுமானால் (மனைவி பட்டினி, பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன்) அது உங்களுடையது ஆகாது.

மார்ச் 6, இரவு 9.15

இரண்டு நாளாக மனத்தில் கிடந்ததை இப்போது எழுதுகிறேன். கேட்டவரின் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். கொஞ்சம் நீளும்.

பயக் காலத்தில் வழிபாட்டைச் சுருக்க வேண்டுமா, நீட்ட வேண்டுமா? இரண்டு மரபுகள் நேர் எதிராகச் சொல்கின்றன.

இஸ்லாத்தில் அச்ச நேரத் தொழுகை என்றே ஒன்று உண்டு. குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம், 102-ஆம் வசனம். எதிரி தாக்கக்கூடும் என்ற நிலையில் தொழும் முறை அது. கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பிரிவு ஆயுதத்தைக் கீழே வைக்காமலே தொழும், மற்றது காவல் நிற்கும். முதல் பிரிவு சஜ்தா (நெற்றி தரையில் பட வணங்குவது) முடித்ததும் பின்னால் போய்க் காவலுக்கு நிற்க, இதுவரை தொழாதவர்கள் முன்னால் வருவார்கள். 2-ஆம் அத்தியாயம் 239-இல் இன்னும் தளர்வு: பயம் என்றால் நடந்துகொண்டே, வாகனத்தில் இருந்தபடியேகூடத் தொழலாம், பாதுகாப்பு வந்தபின் வழக்கமான முறைக்குத் திரும்ப வேண்டும். வழிபாடு நிற்கவில்லை. ஆனால் சுருங்குகிறது, காவலோடு சேர்ந்து நடக்கிறது.

இன்னொரு பக்கம் இயேசு சபையை நிறுவிய கிறித்தவத் துறவி இஞ்ஞாசியார் (1491–1556). அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் 1548-இல் அச்சானது. உள்ளம் வறண்டு, இருண்டு, கலங்கிக் கிடக்கும் நேரத்துக்கு அவர் சொல்வது: ஒரு மணி நேரம் ஜெபம் என்று வைத்திருந்தால் குறைக்காதே, ஒரு மணிக்குச் சற்று மேலேயே இரு. முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவையும் அந்த இருட்டில் மாற்றாதே.

ஒன்று சுருக்கு என்கிறது, மற்றது சற்று நீட்டு என்கிறது. இதில் முரண்பாடு இல்லை என்றே எனக்குப் படுகிறது. பயம் இரண்டு வகை.

முதல் வகையில் ஆபத்து வெளியே, இப்போது, கண்முன் இருக்கிறது. நோயாளிக்கு இரவு முழுவதும் ஆள் வேண்டும், வெள்ளம் ஏறுகிறது, மருந்து வாங்க ஓட வேண்டும். இதில் வழிபாடு சுருங்கத்தான் வேண்டும். நிமிடக் கணக்கு, நின்றபடி, செருப்போடுகூட. இந்த நேரத்தில் கண்ணை மூடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் காவல் போய்விடும். குறளும் இதைத்தான் சொல்கிறது, 428: அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது பேதைமை. அடுத்த குறளிலேயே வரப்போவதை முன்னறிந்து காப்பவர்களைப் பற்றிப் பேசுகிறது. முறையான பயத்துக்குச் செயல்தான் முதல் வழிபாடு.

இரண்டாவது வகையில் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் மனம் மட்டும் ஓடுகிறது. சோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவு வரும்வரை நாம் செய்யக்கூடியது பூஜ்யம். இங்கே இஞ்ஞாசியார் பேசுவதைக் கேட்க வேண்டும். வைத்த நேரத்தைக் குறைக்காதே. 15 நிமிடம் என்றால் 16 உட்கார். அந்த ஒரு நிமிடம் எதற்கு? "தாங்க முடியவில்லை, எழுந்துவிடு" என்று சொல்லும் பயத்துக்கு வீட்டின் சாவியைக் கொடுக்காமல் இருக்க. அந்த நேரத்தில் வேலையை விடுவது, நிலத்தை விற்பது, உறவை முறிப்பது போன்ற முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்.

எந்த வகை என்று தெரியவில்லையா? ஒரே கேள்வி: "அடுத்த ஒரு மணி நேரத்தில் என் கையால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" இருந்தால் அதைச் செய்துகொண்டே சுருக்கமாக வழிபடுங்கள். இல்லை என்றால் உட்காருங்கள். இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. ஓட வேண்டிய நேரத்தில் பூஜையறையில் இருப்பார்கள், உட்கார வேண்டிய நேரத்தில் கைப்பேசியில் அந்த நோயின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரவு 10.40

அந்த இரண்டு பிரிவு ஏற்பாட்டை அப்படியே மருத்துவமனை வராந்தாவுக்குக் கொண்டுபோகலாம். வீட்டார் நான்கு பேர் இருக்கிறார்கள் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பயப்படவும் வேண்டாம், ஒரே நேரத்தில் பிரார்த்திக்கவும் வேண்டாம். இரண்டு பேர் காவல்: மருத்துவர் கூப்பிட்டால் போவது, தொலைபேசி எடுப்பது, சீட்டு வைத்திருப்பது. மற்ற இரண்டு பேருக்கு 20 நிமிடம் முழு விடுதலை, கைப்பேசியைக் காவலர் கையில் கொடுத்துவிட்டு. பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். காவல் நிற்பவருக்கும் அது வழிபாடுதான். இந்த ஏற்பாடு இல்லாத குடும்பத்தில் ஒருவரே இரவெல்லாம் ஓடி விழுவார், மற்றவர்கள் குற்ற உணர்வில் அழுதுகொண்டிருப்பார்கள்.

வேறொரு வாசகர் · மார்ச் 7, அதிகாலை 3.20

இந்த நேரத்துக்கு என்ன செய்வது? படுத்தபடி ஜபம் செய்தால் பயம் ஏறுகிறது.

அதிகாலை 3.50

எழுந்து உட்காருங்கள். மங்கலான ஒரு விளக்கு, பாதம் இரண்டும் தரையில். கண் திறந்தே இருக்கட்டும். மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு மூச்சு வேண்டாம், உள்ளங்கால் தரையைத் தொடும் இடத்தைக் கவனிக்கலாம். மணி பார்க்காதீர்கள். உங்களைப் போல இதே நேரத்தில் விழித்திருக்கும் மூன்று பேரை நினையுங்கள்: இரவுப் பணியில் இருக்கும் தாதி, கைக்குழந்தையோடு இருக்கும் தாய், வலியில் தூங்காத ஒருவர். "அவருக்கும் இந்த இரவு கடக்கட்டும்" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சு. முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. வேறு ஒன்றும் வேண்டாம். விடிந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

காலை 8.30

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் 4-ஆவது சூத்திரம் பயம் பற்றியது, பெயரே பயபேரவ சூத்திரம். புத்தர் ஞானம் அடைவதற்கு முன் வேண்டுமென்றே பயங்கரமான காட்டுக் கோயில்களுக்கு, பட்சத்தின் 8, 14, 15-ஆம் இரவுகளில் போய்த் தங்குகிறார். அங்கே ஒரு மான் வரும், மயில் ஒரு சுள்ளியை உடைக்கும், காற்று சருகை அசைக்கும். "வருவது பயம்தானோ" என்று தோன்றும். "நான் ஏன் எப்போதும் பயத்தையே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்?" என்று கேட்டுக்கொண்டு, அந்த நிலையிலேயே அதை அடக்குகிறார்.

பயத்தின் நடுவே நிலையை மாற்றவில்லை. ஆகவே பயம் வந்தால் அசையாமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

காலை 11.10

மேலே உள்ள கடைசி வரி தவறு. மீண்டும் சூத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நடக்கும்போது பயம் வந்தால் அது அடங்கும்வரை நடக்கிறார், நிற்கவோ உட்காரவோ படுக்கவோ இல்லை. நிற்கும்போது வந்தால் நிற்கிறார். உட்கார்ந்திருக்கும்போது வந்தால் உட்கார்ந்தே. படுத்திருக்கும்போது வந்தால் படுத்தே. நான்குக்கும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. "உட்கார்ந்தே இரு" என்று ஒரு இடத்திலும் இல்லை.

அப்படியானால் 3.50-க்கு "எழுந்து உட்காருங்கள்" என்று நான் சொன்னதும் சூத்திரத்தோடு பொருந்தாது. இருந்தாலும் அதை மாற்ற மாட்டேன். புத்தர் பயிற்சிக்காகவே காட்டுக்குப் போனவர். தூக்கமில்லாமல் பல நாள் தவிக்கிறவர் நிலை வேறு. படுக்கையே பயத்தின் இடமாகப் பழகிவிட்டால் பிறகு எந்த இரவும் தூக்கம் வராது. அதனால் நோயாளியின் வீட்டிலும் தூக்கம் கெட்டவரிடத்திலும் எழுந்து உட்கார்வதுதான் சரி. உடல் நலமாக இருந்து, பகலில் பயம் வரும்போது, சூத்திர முறையைப் பின்பற்றலாம். பேருந்துக்கு நடக்கும்போது வந்தால் நடையை வேகப்படுத்தாமல், நிறுத்தாமல், அதே நடை. பாத்திரம் கழுவும்போது வந்தால் அதே கழுவல், அதே வேகம். திடீர்ப் பீதியின் உச்சம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் வந்து இறங்க ஆரம்பிக்கும். அந்த 10 நிமிடம் ஓடாமல் இருந்தோம் என்பதை உடம்பு நினைவு வைத்துக்கொள்ளும்.

போர், வன்முறை, பெரிய விபத்து கண்டவர்களுக்கு நீண்ட மௌன தியானம் சொல்லாதீர்கள். கண்ணை மூடினால் அந்தக் காட்சி வந்து நிற்கும். அவர்களுக்குக் கண் திறந்த வழிபாடு, கூட்டுப் பாடல், கையால் செய்யும் சேவை.

கேட்டவர் · மார்ச் 8, இரவு 8.00

என் கட்சி பாதி தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. நீங்கள் சொல்வதில் எங்குமே "இந்தப் பயத்தை எடுத்துவிடு" என்று கேட்கவே இடமில்லையே? அப்படிக் கேட்பது தாழ்ந்த பக்தியா?

இரவு 9.35

இல்லை. பேரம் வேறு, கேட்பது வேறு என்று 5-ஆம் தேதியே பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

கெத்சமனே தோட்டத்தில் இயேசு கேட்கிறார். "கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும்." ஒரு தடவை கேட்டுவிட்டுப் பக்குவமாக நிறுத்திவிடவில்லை. மூன்று தடவை, அதே வார்த்தைகளில் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. கூடவே "உமது சித்தப்படி" என்பதும் வருகிறது. கேட்கும்போது நிபந்தனை கிடையாது என்பதுதான் பேரத்துக்கும் இதற்கும் உள்ள தூரம். பேரத்தில் நம் பக்கம் ஒரு சரக்கு இருக்கும்.

அதே இடத்தில் இன்னொன்று: மூன்று சீடர்களை "என்னோடு விழித்திருங்கள்" என்று கேட்கிறார், அவர்கள் தூங்கிப்போகிறார்கள். பயப்படுகிறவர் துணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணை இருக்கப் போகிறவர்கள் கவனிக்க: "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள், அது ஒருவரையும் பயத்திலிருந்து மீட்டதில்லை. "நான் இங்கேதான் இருக்கிறேன், காலை 7 மணி வரை இருப்பேன்" என்று முடிவு நேரத்தோடு சொல்லுங்கள். சொன்ன நேரம் வரை இருங்கள். அவர் மூச்சு வேகமாக இருந்தால் உங்கள் மூச்சை அவர் காதுக்குக் கேட்கும்படி மெதுவாக விடுங்கள். அறிவுரை வேண்டாம். தண்ணீர் கொடுங்கள்.

இரவு 10.05

எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்களுக்குப் பைபிளின் சங்கீதங்களில் ஒரு அமைப்பு இருக்கிறது. புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் இதே வரிசை வரும்: அழைப்பு, முறையீடு, வேண்டல், நம்பிக்கை. தாளில் நான்கு வரி எழுதலாம். அழைப்புக்கு நீங்கள் கூப்பிடும் பெயர். முறையீட்டில் மழுப்பல் கூடாது, "நீ எங்கே போனாய்" என்றுகூட எழுதலாம், 22-ஆம் சங்கீதம் அப்படித்தான் தொடங்குகிறது. வேண்டலில் ஒரே ஒரு விஷயம், குறிப்பாக. நான்காவது வரி வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் காலியாக விடுங்கள். 88-ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமே இல்லை. இருளிலேயே முடிகிறது, அதையும் வழிபாட்டு நூலுக்குள் வைத்திருக்கிறார்கள். வராத நம்பிக்கையை எழுதிக் காட்டினால் மறுநாள் அந்தத் தாளைத் தொடவே மனம் வராது.

வேறொரு வாசகர் · மார்ச் 9, காலை 7.15

ரமணர் 1896-இல் 16 வயதில் மரண பயம் வந்தபோது பிணம்போலப் படுத்து விசாரித்தாரே. நாமும் அப்படிச் செய்தால் ஒரே அடியில் தீருமா?

காலை 7.50

பயத்தின் நடுவில் வேண்டாம். அவருக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக நடந்தது. கை கால்களை விறைத்து, வாயை மூடி, "இந்த உடம்பு செத்தால் நான் சாகிறேனா" என்று உள்ளே திரும்பினார். பீதியில் இருப்பவர் அதை வலிந்து செய்தால் உடம்பு தன்னுடையதல்ல என்ற விலகல் உணர்வு வரலாம். அது ஞானத்தைப் போலத் தோன்றும், ஆனால் பயத்தின் இன்னொரு முகம்தான். நல்ல உறக்கமும் அமைதியும் உள்ள நாட்களில், பகலில், 10 நிமிடத்துக்கு மிகாமல், "இதில் எது போகும், எது பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று கேட்டுப் பழகலாம்.

மார்ச் 10, மாலை 6.20

தலைப்பில் இருந்த கேள்வியின் மறுபக்கம் இன்னும் பாக்கி. பயத்தால் ஆன்மிகத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அது பயத்தின்போது கண்ணுக்குத் தெரியாது. இறங்கியபின், 24 மணி நேரத்துக்குள், மூன்று வரி எழுதி வைக்க வேண்டும். எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். முதலில் யார் நினைவு வந்தது. என்ன செய்யாமல் விட்டதை நினைத்து நெஞ்சு அடித்தது. ஒரு நாளுக்கு மேல் தள்ளினால் மனம் இவற்றை அழகாக்கிவிடும், அப்புறம் எழுதுவது நமக்கே கேட்க இனிமையான பொய்யாக இருக்கும்.

மூன்றாவது வரிதான் சத்து. "அண்ணனோடு பேசவில்லை", "அந்தக் கடனைத் திருப்பவில்லை", "அம்மாவிடம் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை." சாதாரண நாளில் பத்து வருடம் தியானத்தில் உட்கார்ந்தாலும் இவ்வளவு துல்லியமாக வெளிவராது. வந்ததை 7 நாளுக்குள் செய்துவிட வேண்டும், இயன்ற அளவில் சிறியதாக. அண்ணனுக்கு ஒரு அழைப்பு, இரண்டு நிமிடம் பேசினால்கூடச் சரி. செய்யாமல் விட்டால் அடுத்த பயம் அதே வரியைத்தான் எடுத்துக்கொண்டு வரும்.

ஒரு குழப்பம் வரலாம். பயத்தின்போது முடிவு எடுக்காதே என்று 6-ஆம் தேதி எழுதிவிட்டு, இப்போது 7 நாளுக்குள் செய் என்கிறேன். இது பயம் இறங்கியபின் எடுப்பது, எதையும் உடைக்காதது. இழந்த ஒன்றைத் திரும்பச் சேர்ப்பது. அந்த அளவுக்குள் அடங்காவிட்டால் ஒரு மாதம் பொறுங்கள்.

கேட்டவர் · மார்ச் 11, இரவு 9.50

நாளை காலை 10 மணிக்கு முடிவு வாங்கப் போகும் ஒருவருக்கு, இந்த இழை முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், இன்றிரவு என்ன சொல்வீர்கள்?

இரவு 10.15

கேட்க வேண்டிய கேள்விகளை மருத்துவருக்காக ஒரு தாளில் எழுதிவிடச் சொல்லுங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். தாள் சட்டைப்பையில். அதோடு வெளிவேலை முடிந்தது. இனி இரண்டாவது வகைப் பயம்தான். கைப்பேசியில் தேடுவது இத்தோடு நிற்கட்டும். பழகிய நாமம், 27 மணி, மூச்சுக்கு ஒன்று. தூக்கம் வராவிட்டால் விழித்திருக்கும் மூன்று பேர்.

காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வழக்கமான வழிபாட்டில் ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். ஒரு நிமிடம் மட்டும் அதிகமாக உட்காரலாம். வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட வேண்டும், வெறும் வயிற்று நடுக்கத்தைப் பயம் என்று எண்ணிக்கொள்வோம்.

தனியாகப் போக வேண்டாம். கூட வருபவர் கையில் பேனா இருக்கட்டும், மருத்துவர் சொல்வதை அவர் எழுதட்டும். பயத்தில் கேட்பது பாதி மறந்துவிடும். உள்ளே கூப்பிடும்வரை உள்ளங்கால் தரையில். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒரு முழு மூச்சு வெளியே போகவிட்டு, அப்புறம் எழுந்திருக்கச் சொல்லுங்கள்.